சோதனைத் தொகுப்பைப் போட்டுப் பார்க்கலாமா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. “அடுத்த விண்டோஸ் வரப் போகிறதாமே! சோதனைத் தொகுப்பு இலவசமாகத் தருகிறார்களாம். போட்டுப் பார்க்கலாமா, சார்?”

உங்களிடம் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர் என்றால், வேண்டாம் என்பதே என் பதில்.

அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் சோதனைத் தொகுப்பை ஆசையில் என் வீட்டு சிஸ்டத்தில் பதிந்தேன். திரை அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்கவில்லை. மறுநாள் மகளின் பள்ளிக் கட்டுரையை அச்செடுக்க, பென் டிரைவுடன் கடை தேடி அலைந்தேன். பழைய நிலைக்குத் திரும்ப ஹார்ட் டிஸ்க்கையே பார்மட் செய்ய வேண்டியதாயிற்று.

இலவசம் என்பதற்கும் கெடு உண்டு. விண்டோஸ் 7 வெளிவருவதற்கு முன், 2009 மே மாதம், அதன் ஆர்.சி. தொகுப்பைப் பொதுமக்களுக்கு மைக்ரோசாப்ட் வழங்கியது. 2010 மார்ச் 1 முதல் அது இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை தானாகவே நின்று போகும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஜூன் 1-ல் அதன் காலம் முடிந்தது.

அப்படியானால் சோதனைத் திட்டமே தேவையில்லையா? நிச்சயம் தேவை. எத்தனையோ வகை கம்ப்யூட்டர்கள், பிரிண்டர்கள், புரோகிராம்கள் உலகில் உள்ளன. எல்லாவற்றையும் ஒரு நிறுவனம் தன் சோதனைக் கூடத்தில் வைத்துப் பார்க்க முடியாது. இதற்காகவே 2014-ல் மைக்ரோசாப்ட் ‘விண்டோஸ் இன்சைடர்’ திட்டத்தைத் தொடங்கியது. லட்சக்கணக்கானோர் சேர்ந்தனர்.

ஆனால் 2018-ல் நடந்ததைப் பாருங்கள். அக்டோபர் 2-ல் விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பு வெளியானது. அப்டேட் செய்த சிலருடைய டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போல்டர்களில் இருந்த பைல்கள் அழிந்து போயின. சில நாட்களிலேயே அப்டேட் நிறுத்தப்பட்டு, நவம்பர் 13-ல்தான் மீண்டும் வந்தது.

காரணம் என்ன தெரியுமா? இந்த போல்டர்களை வேறு டிரைவிற்கு மாற்றியவர்கள், பழைய இடத்தில் காலி போல்டர் ஒன்று கூடுதலாகத் தெரிகிறது என்று முந்தைய பதிப்பில் குறை கூறியிருந்தனர். அதை நீக்க எழுதிய புரோகிராம், பைல்கள் இருந்த பழைய போல்டர்களையும் சேர்த்து நீக்கிவிட்டது!

இதில் வேதனையான செய்தி ஒன்று உண்டு. சோதித்தவர்களில் சிலர், வெளியீட்டிற்கு முன்பே பைல்கள் அழிவதைத் தெரிவித்திருந்தனர். அவற்றுக்கு மற்றவர்களின் ஆதரவு ஓட்டு அதிகம் கிடைக்காததால் யார் கண்ணிலும் படவில்லை. பாதிப்பு பற்றிய புகார்கள் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் வந்தன என்றது மைக்ரோசாப்ட். இருக்கட்டும். குழந்தையின் முதல் பிறந்த நாள் படங்களை இழந்தவருக்கு அது நூற்றுக்கு நூறு இழப்பு அல்லவா?

குறைகளை ஓட்டு எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. அதனால் என்ன இழப்பு வரும் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று குறிப்பிடும் வசதியை மைக்ரோசாப்ட் அதன் பின்னரே சேர்த்தது. இது முதல் நாளே இருந்திருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது என்ன? சோதிக்க ஆசைப்பட்டால், வேறு பயனில்லாத பழைய கம்ப்யூட்டரில் சோதித்துப் பாருங்கள். முக்கியமான பைல்கள் எதுவும் அதில் இருக்கக் கூடாது. பதிந்து வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். குறை கண்டால், என்ன செய்தபோது என்ன நடந்தது என்று வரிசையாக எழுதி அனுப்புங்கள். வேறொருவர் “என் பைல்கள் போய்விட்டன” என்று எழுதியிருந்தால், அவருக்கு ஓர் ஓட்டுப் போடுங்கள்.

சோதனைப் பக்கமே போகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1809-ல் பைல்களை இழந்தவர்கள் பதிந்தது சோதனைத் தொகுப்பு அல்ல. முறைப்படி வெளியான அப்டேட்தான். எனவே எந்தப் பெரிய அப்டேட்டிற்கும் முன், உங்கள் படங்களையும் பைல்களையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் பேக்அப் எடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். அரை மணி நேர வேலைதான். இன்றே செய்துவிடுங்களேன்!