உறங்கும் கணக்கு



வங்கிக் கடிதங்களில் ‘டோமன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டிருப்பீர்கள். உறங்குதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது இது. நெடுங்காலம் குமுறாத எரிமலைக்கும், முளைக்காமல் மண்ணில் கிடக்கும் விதைக்கும் இதையே சொல்வர். செத்துவிட்டது என்பதல்ல, அசைவில்லை என்பதே கருத்து.

போடாமலும் எடுக்காமலும் விட்ட கணக்கும் அவ்வாறே. 10 ஆண்டுகள் அப்படிக் கிடந்தால் இலங்கை வங்கிச் சட்டம் அதனைக் கைவிடப்பட்ட சொத்தாகக் கொள்கிறது. பணம் மத்திய வங்கிக்கு மாற்றப்படும். அதன் பின்னும் உரியவர்கள் கோரலாம்.

2004 டிசம்பர் 26இல் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளைக் கடல் மூடியபோது மனிதர்களோடு சேமிப்புப் புத்தகங்களும் போயின. புத்தகம் போனதால் கணக்குப் போய்விடாது.

மௌத்தானவரின் கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றியபின் எஞ்சுவது வாரிசுகளின் ஹக்கு. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகள்மாருக்கும் பங்குண்டு. ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாமல், மரணச் சான்றிதழோடு வங்கியில் விசாரியுங்கள். அநாதைப் பிள்ளைகளின் பணமும் அதில் உறங்கக்கூடும்.

அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்போராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.