தானே திறக்கும் பூட்டு!

ஜப்பான் நாட்டில் அமகசாகி என்று ஒரு நகரம். 2022-ம் ஆண்டு ஜூன் 21-ந் தேதி. நகரசபை வேலையைக் கவனித்த ஒப்பந்த ஊழியர் ஒருவர், இரவு சக ஊழியர்களுடன் மது அருந்தினார். தெருவிலேயே தூங்கிவிட்டார். விழித்துப் பார்த்தால் கைப்பையைக் காணோம்!

பைக்குள் பென் டிரைவ் இருந்தது. விரல் அளவுதான். ஆனால் அதற்குள் இருந்ததோ ஒரு நகரம்! 4 லட்சத்து 60 ஆயிரம் பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி.

நல்ல வேளை, அதைச் சங்கேத எழுத்தாக மாற்றிப் பூட்டியிருந்தார்கள். ரகசியச் சொல் தெரியாதவர் திறந்தால் ஒன்றும் புரியாது.

ஆனால் அதிகாரிகள் வாயைக் கொடுத்தார்கள். ரகசியச் சொல்லுக்கு 13 எழுத்து என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டார்கள். மக்கள் சும்மா இருப்பார்களா? ஆங்கிலத்தில் அமகசாகிக்கு 9 எழுத்து. அதோடு 2022 சேர்ந்தால் 13 என்று கேலி செய்தார்கள்! 24-ந் தேதி பை கிடைத்தது.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அந்தப் பூட்டும் இல்லை. 2017-ல் அதன் பென் டிரைவ் ஒன்று தெருவில் கிடந்தது. எடுத்தவர் நூலகக் கம்ப்யூட்டரில் போட்டார்; எல்லாம் தெரிந்தது. மறு ஆண்டு, அபராதம் 1 லட்சத்து 20 ஆயிரம் பவுன்.

சரி, பூட்டினால் போதுமா? ஒவ்வொரு முறையும் ரகசியச் சொல்லைத் தட்ட யாருக்குப் பொறுமை? அதற்கும் வழி உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'தானாகத் திற' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், சாவியை அதுவே வைத்துக்கொள்ளும். செருகியதும் பூட்டு திறக்கும்.

பென் டிரைவ் மட்டும் தொலைந்தால் கவலை இல்லை. வேறு கம்ப்யூட்டரில் ரகசியச் சொல் இல்லாமல் அது திறக்காது. கம்ப்யூட்டரும் சேர்ந்து திருடு போனால்? சாவியும் பெட்டியும் ஒரே திருடன் கையில்! அப்போது, கம்ப்யூட்டருக்குள் நுழையக் கேட்கும் ரகசியச் சொல்லும், அதன் வட்டுக்குப் போட்ட பூட்டும்தான் காவல்.

திறந்தபடி விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது இன்னொரு ஆபத்து. நாற்காலியில் வந்து உட்காருகிறவர் எல்லாவற்றையும் படிக்கலாம். வெராகிரிப்ட் என்ற இலவசச் செயலியில் இதற்கு ஏற்பாடு உண்டு. இத்தனை நிமிடம் யாரும் தொடாவிட்டால் மூடு என்று சொல்லி வைக்கலாம்.

வேலை முடிந்ததும் வெடுக்கென்று பிடுங்குகிறவர்களும் உண்டு. பூட்டு என்னவோ விழுந்துவிடும். ஆனால் பாதி எழுதிய கணக்கு பாழாகலாம். 'வெளியேற்று' என்பதை அழுத்தி, எடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் சொன்ன பிறகு எடுப்பதே சரி. அதற்கு ஆவது சில விநாடிதான்.