கடலடியில் கிடக்கும் காது

2016இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தினர், அணுக்கடிகாரங்களை ஒப்பிட 79 கி.மீ. நீள ஒளியிழையில் லேசர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மேலே லாரி போனாலும் பதிவில் இரைச்சல் ஏறும். அதைக் கழித்துக் கட்டுவதே பெரும்பாடு. அப்படிக் கழிக்கவிருந்த இரைச்சலில்தான் மத்திய இத்தாலியின் நிலநடுக்கம் இருந்தது.

சங்கதி எளிது. இழைக்குள் போய்வந்த ஒளியை, உள்ளே போகாத ஒளியோடு சேர்த்தால் அலைகள் கூடி வெளிச்சமாகும், அல்லது ஒன்றையொன்று அழித்து இருளாகும். அலைநீளம் 1.55 மைக்ரான், அதில் சிறு பங்கு இழை நீண்டாலும் வெளிச்சம் மாறிவிடும்.

2018இல் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த கேபிளை ஆய்வாளர்கள் நான்கு நாள் இரவல் வாங்கினார்கள். கண்ணாடியின் நுண்குறைகளில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கேட்டே, 20 கி.மீ. இழை ஏறக்குறைய 10,000 உணரிகளாயிற்று. வரைபடத்தில் இல்லாத பிளவுகளும் தெரிந்தன. கடலடியில் புதிதாக ஒரு ஆணிகூட அடிக்கவில்லை.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2004 டிசம்பர் 26இல் சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை கடலடி ஏறத்தாழ 1,300 கி.மீ. பிளந்தது. சுனாமி அலை சென்னையைத் தொட இரண்டரை மணி நேரம் போலிருந்தது, சொல்லத்தான் ஆளில்லை. இன்று சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு, 2020இல் திறக்கப்பட்ட 2,300 கி.மீ. கேபிள் அதே கடலடியில் கிடக்கிறது. மான்டரே முறை கரையிலிருந்து நூறு கி.மீ. சுமாருக்குத்தான் எட்டும், வழியில் ஒளிக்கு வலுவூட்டும் ரிப்பீட்டர்கள் திரும்பும் ஒளியை மறித்துவிடும். ஆனால் 2022இல் பிரிட்டன்–கனடா கேபிளில், ரிப்பீட்டருக்கு ரிப்பீட்டர் துண்டு துண்டாகவே கேட்டுக் காட்டிவிட்டார்கள்.

தடை கருவியில் இல்லை. அந்தமான் கேபிள் தொலைத்தொடர்புத் துறையின் கீழ். சுனாமி எச்சரிக்கை மையமோ ஹைதராபாத்தில், புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ். அதோடு, நிலநடுக்கத்தைக் கேட்கும் காதுக்கு நீர்மூழ்கிக் கப்பலும் கேட்கும். கடற்படை தயங்கினால் அது நியாயமே. அதற்காகக் காதையே அடைக்க வேண்டுமா? மூலப்பதிவு கரை நிலையத்திலேயே பூட்டில் இருக்கட்டும். அதிர்வு எந்தத் துண்டில், எத்தனை மணிக்கு வந்தது என்ற இரண்டு எண்கள் ஹைதராபாத்துக்குப் போனால் போதும்.