கல்லறை இல்லாத மாலுமிகள்

போர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் யார்? படைத்தலைவர்களும் போர்வீரர்களும்தான். வரலாற்றுப் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்வதும் அவர்களைத்தான். ஆனால் அந்த வீரர்களுக்கு உணவும், வண்டிகளுக்கு எண்ணெயும், ஆலைகளுக்கு இரும்பும் கடல் கடந்து கொண்டு சேர்த்தவர்கள் வணிகக் கப்பல் மாலுமிகள் அல்லவா? அவர்களை நாம் மறந்தது முறையன்று என்பதே நம் கருத்து.

1939 செப்டம்பர் 3-ஆம் நாள் பிரிட்டன் போர் அறிவித்தது. சில மணி நேரத்திற்குள் ‘அத்தீனியா’ என்னும் பயணிகள் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியது. அன்று தொடங்கிய வேட்டை 1945 வரை ஓயவில்லை. நம் கரையும் அதற்குத் தப்பவில்லை. 1942 ஏப்ரலில் வங்காள விரிகுடாவில் ஜப்பானியர் சில நாள்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தனர்.

பிரிட்டிஷ் கப்பல்களில் ‘லஸ்கர்’ எனப்பட்ட இந்திய மாலுமிகள் பல்லாயிரவர் இருந்தனர். சில்ஹட்டிலிருந்து வந்தவர்கள் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டனர். கோவாவிலிருந்து வந்தவர்கள் சமைத்துப் பரிமாறினர். கப்பல் தாக்கப்பட்டால் அடித்தளத்தில் நின்றவர் மேலே ஏறி வருவது அரிது. சம்பளமோ வெள்ளையர் பெற்றதில் ஒரு சிறு பங்குதான். 1941 மே மாதம் வரை, கப்பல் மூழ்கிய நாளோடு மாலுமியின் சம்பளமும் நின்றுபோகும் வழக்கம் பிரிட்டிஷ் கப்பல்களில் இருந்தது. உயிர் தப்பிக் கடலில் தத்தளித்த நாள்களுக்கும் கூலி இல்லை!

நம் காசி நகரின் பெயரைத் தாங்கிய ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கப்பலை எண்ணிப் பார்ப்போம். குண்டுவீச்சுக்கு அஞ்சிக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 சிறுவர் சிறுமியர் அதில் இருந்தனர். 1940 செப்டம்பர் 17-ஆம் நாள் இரவு அது தாக்கப்பட்டு மூழ்கியது. அவர்களுள் 77 பேர் மாண்டனர். ஓர் உயிர்காப்புப் படகு மட்டும் 46 பேருடன் எட்டு நாள்கள் அலைந்து மீட்கப்பட்டது. அதில் ஆறு சிறுவர்களும், அவர்களுக்குக் கதை சொல்லித் தேற்றிய மேரி கார்னிஷ் என்னும் இசை ஆசிரியையும், ஒரு கத்தோலிக்கக் குருவும் இருந்தனர். மற்றவர்களில் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். ஆசிரியையின் பெயரை நூல்கள் போற்றுகின்றன, அது தகும். ஆனால் அதே படகில் அதே தாகத்தைத் தாங்கிய நம் மாலுமிகளின் பெயரை யார் அறிவார்?

“அது ஆங்கிலேயரின் போர், இவர்கள் கூலிக்குச் சென்றவர்கள்தாமே” என்று சிலர் கூறலாம். ஆம், குடும்பத்தின் பசி தீர்க்கவே சென்றார்கள். அதனால் அவர்கள் உயிர் மலிவாகிவிடுமா? மாண்டவரை நினைப்பது போரைப் புகழ்வதாகாது. போர் யாரிடமெல்லாம் விலை வாங்குகிறது என்பதை அது நமக்கு உணர்த்தும்.

கல்லறைத் திருநாளில் நாம் நம் முன்னோரின் கல்லறைக்குச் சென்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். கடலில் மறைந்தவனுடைய தாய் எங்கே சென்று ஏற்றுவாள்? அவளுக்கு எஞ்சுவது பெயர் ஒன்றே. ஆதலால்தான் லண்டன் டவர் ஹில் நினைவகத்தில், இரு உலகப் போர்களிலும் மறைந்து கல்லறை இல்லாத ஏறத்தாழ 36,000 பேரின் பெயர்களைப் பொறித்துள்ளனர். வங்கதேசத்தின் சிட்டகாங் போர்க் கல்லறையில் ஒரு நினைவேடு உள்ளது. இரண்டாம் உலகப் போரில் மாண்ட ஏறத்தாழ 6,500 மாலுமிகளின் பெயர்கள் அதில் உள்ளன. அவர்களுள் பெரும்பாலோர் இந்திய வணிகக் கப்பல்களில் உழைத்தவர்கள். அந்த ஏட்டைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

தோழியரே, பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு முதல் செப்டம்பர் 3-ஆம் நாளை வணிகக் கப்பற்படை நாளாகக் கொண்டாடுகின்றனர். நம் நாட்டில் ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் நாள். அன்று நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் இம்மாலுமிகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசலாகாதா? உலக வரைபடத்தில் அட்லாண்டிக் கடலைக் குறிக்கும்போது, அது வெறும் நீல நிறம் அன்று, பல்லாயிரவர் துயிலும் இடம் என்று இளைய வகுப்பு மாணவியருக்குச் சொல்லலாகாதா? இன்றும் நம் வீட்டு எண்ணெயும் பருப்பும் கப்பலேறித்தான் வருகின்றன. இன்றும் போர் மூண்டால் முதலில் ஆபத்துக்குள்ளாவோரில் மாலுமியும் ஒருவன். அவனுக்காக வேண்டுவோம், மறைந்தவர்களை மறவாதிருப்போம்.