தேடுவோரும் தேடப்படுவோரும்

ஐயம் தோன்றினால் ஆசிரியரை நாடியது ஒரு காலம். நூலகத்துக்குச் சென்று நூலைப் புரட்டியது ஒரு காலம். இன்றோ கைப்பேசியை எடுத்து இரண்டு சொற்களைத் தட்டினால் போதும். விடை வந்து நிற்கிறது. தேர்வு முடிவு, பேருந்து நேரம், அரசுப் பணி அறிவிப்பு, நகைக்கடன் வட்டி ஆகிய அனைத்தையும் தேடுபொறியிடமே கேட்கிறோம். அன்னையிடம் கேட்கத் தயங்குவதையும் அதனிடம் கேட்கிறோம். மருத்துவரிடம் சொல்லக் கூசுவதையும் அதனிடம் சொல்கிறோம். உற்ற நண்பனும் அறியாத நம் அச்சத்தையும் ஆசையையும் அறிந்த ஒன்று உண்டென்றால், அது தேடுபொறியே என்று கூறின் மிகையன்று.

இத்தனையும் அறிந்த அந்த நண்பன் கேட்டதை மறந்துவிடுகிறானா, எழுதி வைத்துக்கொள்கிறானா? எழுதி வைத்தால் யாருக்காக எழுதுகிறான்? அவனைப் பிடிக்கவில்லையென்றால் நமக்கு வேறு நண்பன் உண்டா? இந்த மூன்று வினாக்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலிரண்டைப் பற்றிப் பலர் பேசுகின்றனர். மூன்றாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் மூன்றாவது வினாவுக்கு விடை காணாமல் முதலிரண்டுக்கும் விடையில்லை என்பதே என் கருத்து.

இலவசத்தின் விலை

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் 1998இல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரு செய்தி ஈண்டு நோக்கத்தக்கது. விளம்பரத்தால் வாழும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரம் தருவோர் பக்கம் சாயும். தேடுவோரின் தேவையிலிருந்து விலகும் என்று அவர்களே எழுதினர். எழுதிய மை உலர்ந்து மூன்றாண்டு கழிவதற்குள், 2000இல், அதே நிறுவனம் விளம்பரத் தொழிலைத் தொடங்கியது. இன்று உலகின் மிகப் பெரிய செல்வங்களுள் ஒன்று அந்தத் தொழிலிலிருந்து பிறந்ததே.

தேடலுக்கு நாம் காசு கொடுப்பதில்லை. ஆயினும் விலை கொடுக்கிறோம். 'பழைய இருசக்கர வண்டி' என்று ஒருவர் தட்டும்போது, அவர் வண்டி வாங்க எண்ணுகிறார் என்பது தெரிந்துவிடுகிறது. அவர் கண்ணில் படும் இடம் ஒரு நொடிக்குள் ஏலம் விடப்படுகிறது. இதுவரையில் குற்றமில்லை, சந்தையில் கடை விரிப்பது போன்றதே இது. ஆனால் செய்தி அத்துடன் நிற்பதில்லை. நேற்று என்ன தேடினார், எவ்வூரில் இருக்கிறார், எந்தப் படம் பார்த்தார், எந்தத் தளத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்பவையெல்லாம் சேர்க்கப்பட்டு ஒருவரைப் பற்றிய ஏடு வளர்கிறது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவான குக்கி என்னும் சிறு குறிப்பு, நம் உலாவியை ஒரு தளம் நினைவில் வைத்துக்கொள்வதற்காகத் தோன்றியது. பின்னாளில் அதுவே நம்மைத் தளம் விட்டுத் தளம் பின்தொடரும் ஒற்றனாயிற்று.

வள்ளுவப் பெருந்தகை ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அது பொருட்பாலில் நாடாள்வோனுக்குச் சொன்ன அறிவுரை. செருப்பு விற்பவனும் சீட்டுப் பிடிப்பவனும் குடிமக்கள் மீது ஒற்றர்களை ஏவலாம் என்று அவர் சொல்லவில்லை. இன்று நடப்பதோ அதுதான்.

"எனக்கு மறைக்க ஒன்றுமில்லை"

இதைச் சொன்னவுடன் நம்மில் பலர், "நான் என்ன குற்றமா செய்கிறேன்? எனக்கு மறைக்க ஒன்றுமில்லை" என்பர். அவர்கள் ஒரு நிகழ்ச்சியை அறிதல் நலம்.

2006 ஆகஸ்டு திங்களில் ஏ.ஓ.எல். என்னும் அமெரிக்க நிறுவனம், ஆய்வாளர்களுக்கு உதவும் என்றெண்ணி, ஏறத்தாழ 6,50,000 பேர் செய்த சுமார் 2 கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயர்களை நீக்கி எண்களை இட்டிருந்தது. பெயரில்லையே, யார் கண்டுபிடிப்பார் என்பது நிறுவனத்தின் எண்ணம். சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களை வரிசையாகப் படித்து, அவற்றைத் தட்டிய மூதாட்டியின் வீட்டுக்கே சென்றுவிட்டனர். அவர் தேடியவையெல்லாம் ஊர், உறவு, உடல்நலம் பற்றிய எளிய செய்திகள். அவர் எக்குற்றமும் செய்யவில்லை, எதையும் மறைக்கவுமில்லை. ஆயினும் அவர் வாழ்வு கடைத்தெருவுக்கு வந்தது. பெயரை நீக்கினால் ஆளை நீக்கியதாகாது என்பதை அன்று உலகம் கற்றது.

ஒட்டிய கடிதத்தைப் பிறர் பிரித்துப் படித்தால் நாம் சினம் கொள்கிறோம். அக்கடிதத்தில் சதித்திட்டமா இருக்கிறது? 'இங்கு அனைவரும் நலம்' என்றுதான் இருக்கும். எனினும் அது நம்முடையது. அந்தரங்கம் என்பது குற்றத்தை மூடும் போர்வையன்று; மனிதன் தன்னோடு தான் இருப்பதற்கான திண்ணை. 2017 ஆகஸ்டு 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆகவே இது செல்வர் வீட்டுக் கவலையன்று. குடிமக்கள் அனைவரின் உரிமை.

கருவிகள் தரும் காவல்

இவ்வுரிமையைக் காக்கப் பல கருவிகள் தோன்றியுள்ளன. அவற்றின் ஆற்றலையும் எல்லையையும் அறிந்து பயன்படுத்துவதே அறிவுடைமை.

பலரும் அறிந்தது உலாவியின் மறைவு முறை, இன்காக்னிட்டோ என்பர். அது தேடிய சுவடுகளை நம் கைப்பேசியில் வைக்காது. வீட்டில் நால்வர் ஒரே கைப்பேசியைப் பயன்படுத்தும் நம் குடும்பங்களில், உடல்நலம் பற்றி ஐயம் தேடும் ஒரு மாணவிக்கு இது பெரும் உதவியே. ஆனால் வீட்டாரின் கண்ணுக்குத்தான் அது திரை; நாம் செல்லும் தளத்துக்கும் இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்கும் அது திரையன்று. இம்முறையிலும் தகவல் திரட்டப்பட்டது என்று 2020இல் கூகுள் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. 2024இல் சமரசம் ஏற்பட்டபோது கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அடுத்தது வி.பி.என். என்னும் மறைவழி. நம் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் கணிப்பொறி வழியே செலுத்துவது இது. இணைப்புத் தருபவர் கண்ணிலிருந்து தப்பலாம். மறைவழி நடத்துபவர் கண்ணில் விழுவோம். அதாவது காவலாளியை மாற்றுகிறோம், அவ்வளவே. 2022இல் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு, இத்தகைய நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என ஆணையிட்டது. அதனை ஏற்காத சில நிறுவனங்கள் தம் கணிப்பொறிகளை இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டன.

டோர் என்பது இன்னும் ஆழமானது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களில் பிறந்த கருத்து அது. நம் செய்தி வெங்காயம் போல மூன்று தோல்களால் மூடப்பட்டு மூன்று கணிப்பொறிகளைக் கடக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு தோலை உரிக்கிறது. அனுப்பியவர் யார், செல்லுமிடம் எது என்னும் இரண்டையும் ஒருசேர அறிந்தது அவற்றுள் எதுவுமில்லை. காவல் வலிது, வேகம் குறைவு. அன்றாடத் தேடலுக்கு எல்லோரும் அதை நாடுவர் என எதிர்பார்க்க இயலாது.

எஞ்சுவது, தேடுபொறியையே மாற்றிக்கொள்வது. 2008இல் கேப்ரியல் வைன்பெர்க் தொடங்கிய டக்டக்கோ, தேடுவோரைப் பற்றிய ஏடு வைப்பதில்லை என்று உறுதி கூறுகிறது. அதற்கும் விளம்பரமே வருவாய். ஆனால் தட்டிய சொல்லுக்கு ஏற்ற விளம்பரத்தைக் காட்டுகிறது. தட்டியவரின் வரலாற்றைப் புரட்டுவதில்லை. வண்டி தேடுவோருக்கு வண்டி விளம்பரம் காட்ட, அவர் நேற்று எந்த மருத்துவமனையைத் தேடினார் என்று அறிய வேண்டியதில்லையன்றோ? வேவு பார்க்காமலும் இத்தொழில் நடத்தலாம் என்பதற்கு இதுவே சான்று.

போட்டியின்றிக் காவலில்லை

அப்படியானால் மக்கள் ஏன் மாறவில்லை? "கூகுள் சிறந்தது, ஆகவே மக்கள் அதை விரும்புகின்றனர்" என்பது வழக்கமான விடை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழு உண்மை அதுவன்று.

அமெரிக்க நீதித்துறை 2020 அக்டோபரில் தொடுத்த வழக்கில், நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டு 5 அன்று தீர்ப்பளித்தார். கூகுளின் தரத்தை அவர் மறுக்கவில்லை. எனினும் அந்நிறுவனம் தன் முற்றுரிமையைச் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்துக்கொண்டது என்று முடிவு செய்தார். கைப்பேசியிலும் உலாவியிலும் தன் தேடுபொறியே முதலில் நிற்க வேண்டும் என்பதற்காக, 2021 என்ற ஓர் ஆண்டில் மட்டும் அது கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். 2022இல் ஆப்பிள் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் 2,000 கோடி டாலர். மக்கள் தாமாகவே தேடி வருவர் என்றால் வாசலை வாங்க இத்தனை செல்வம் எதற்கு? நாம் தேர்ந்தெடுத்தோம் என்று எண்ணுகிறோம். நமக்காக முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சுவரில் மோதிச் சாய்ந்தவர்களும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவரும், கூகுளின் விளம்பரப் பிரிவுக்கே தலைமை வகித்தவருமான ஸ்ரீதர் ராமசாமி, 2019இல் நீவா என்னும் விளம்பரமற்ற தேடுபொறியைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரை நம்பிய அம்முயற்சி 2023இல் மூடப்பட்டது. தேடுபொறியைக் கட்டுவதைவிட, மக்களை மாறச் செய்வதே கடினமாக இருந்தது என்பது அதை நடத்தியவர்களின் அனுபவம்.

நிற்பவர்களும் முழுதும் தம் காலில் நிற்கவில்லை. இணையம் முழுவதையும் படித்துப் பட்டியலிடுவது பெருஞ்செலவு. ஆகவே டக்டக்கோ தன் விடைகளில் பெரும்பகுதியை மைக்ரோசாப்டின் பிங் தேடுபொறியிடமிருந்து பெறுகிறது. இதன் விளைவு 2022இல் தெரிந்தது. பிறர் தளங்களில் இருந்த மைக்ரோசாப்டின் வேவுக் குறிகள் சிலவற்றை டக்டக்கோ உலாவி தடுக்காமல் விட்டிருந்தது. ஒப்பந்தத்தின் கட்டு அப்படி. வெளியே தெரிந்து எதிர்ப்பு எழுந்த பின் அவ்வாண்டே அது பெரும்பாலும் திருத்தப்பட்டது. 2025 ஆகஸ்டில் மைக்ரோசாப்டு, பிங் விடைகளைச் சிறு நிறுவனங்கள் வாங்கிவந்த பொது வழியையும் மூடிவிட்டது. அடுத்தவர் கிணற்றில் நீர் இறைப்பவன், கயிறு யார் கையில் என்பதை மறக்கலாகாது.

ஆகவேதான் சொல்கிறேன்: அந்தரங்கத்தைக் காக்கும் கருவியை ஒவ்வொருவரும் தனியே தேடிக்கொள்ள வேண்டும் என்பது பாதி வழியே. வேவு பார்க்காத தேடுபொறிகள் தழைக்க இடம் இருந்தால்தான், வேவு பார்க்கும் தேடுபொறி நமக்கு அஞ்சும். ஊரில் ஒரே கடை இருந்தால் எடைக்கல்லைப் பற்றி யாரிடம் முறையிடுவது?

நாடும் நாமும்

நம் நாடு வாளாவிருக்கவில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில், ஆண்ட்ராய்டு தொடர்பாக கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உச்சநீதிமன்றம் அவ்வாணைக்குத் தடை விதிக்க மறுத்தது. அதன்பின், 2023 சனவரியில், புதிய கைப்பேசிகளில் தேடுபொறியைப் பயனாளரே தேர்ந்தெடுக்க வழி செய்வதாக அந்நிறுவனம் அறிவித்தது. அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் வந்த தீர்வாணை, தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடுத்தது. தேடல் தரவுகளில் சிலவற்றைப் போட்டியாளர்க்குத் தரச் சொன்னது. ஆனால் முதலிடத்துக்குப் பணம் கொடுப்பதை அடியோடு தடுக்கவில்லை. கதவு சற்றே திறந்தது. காற்று இன்னும் வரவில்லை.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நம் ஒப்புதலின்றி நம் தகவலைக் கையாளலாகாது என்பது அதன் உயிர்நாடி. ஆனால் தன் அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசே வைத்துக்கொண்டது அதன் குறை. ஒப்புதல் என்பதும், படிக்க முடியாத நீண்ட பக்கத்தின் அடியில் 'சம்மதம்' என்று ஒரு விரல் தட்டுவதாகச் சுருங்கினால், சட்டம் ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிடும்.

இன்று செயற்கை அறிவு பேசும் செயலிகளும் வந்துவிட்டன. தேடுபொறியிடம் இரண்டு சொல் சொன்னோம். இவற்றிடம் முழுக்கதையும் சொல்கிறோம். எனவே நம் மூன்று வினாக்களும் முன்னைவிடக் கூர்மை பெற்றுள்ளன.

மாணவர்களாகிய நாம் என்ன செய்யலாம்? கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து, எந்தத் தேடுபொறி நமக்காக அமர்த்தப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். ஒரு திங்கள் வேறொன்றைப் பயன்படுத்திப் பார்க்கலாம். தமிழில் தேடும்போது சிறிய தேடுபொறி பின்தங்கினால், அந்த ஒரு தேடலுக்குப் பெரியதை நாடுவதில் தவறில்லை. எல்லாத் தேடலையும் ஒருவரிடமே ஒப்படைப்பதுதான் தவறு. கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தின் உலாவிகளில் மூன்று நான்கு தேடுபொறிகளை வைத்து, தேர்வை மாணவரிடம் விடுமாறு நிர்வாகத்தைக் கேட்கலாம். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

நம்மில் பெரும்பாலோர் குடும்பத்தின் முதற் பட்டதாரிகள். நமக்கு வழி சொல்ல வீட்டில் படித்த அண்ணனோ அக்காளோ இல்லை. ஆகவே பிறர் வீட்டில் கேட்டறிவதை நாம் தேடுபொறியிடம் கேட்டறிகிறோம். மற்றவரைவிட நமக்கே அதன் தேவை மிகுதி. நம்மைப் பற்றியே அது மிகுதியாக அறிகிறது. நாணாமல், அஞ்சாமல் வினவுவதே கல்வியின் முதற்படி. வினவுவதை ஒருவன் குறித்துக்கொண்டே இருக்கிறான் என்று தெரிந்தால் நா எழுமா? அஞ்சாமல் வினவும் உரிமைக்காகவும், வினவ ஓர் இடத்துக்குப் பல இடங்கள் இருக்க வேண்டும் என்பதற்காகவும் குரல் கொடுப்பது இத்தலைமுறை மாணவரின் கடமையாகும்.