நோயாளி நாய்க்குத் தோசை வார்ப்பவர்கள்

முட்டை, பால், கோதுமை மூன்றும் சேராத பான்கேக் யார் வயிற்றையும் கெடுக்காது என்ற நம்பிக்கை நகரத்து வீடுகளில் வேரூன்றிவிட்டது. மனிதர்களுக்கே அது ஒத்துக்கொள்ளும்போது வீட்டு நாய்க்கு மட்டும் என்ன வந்துவிடப் போகிறது, அதுவும் பாவம் உடம்பு முடியாமல் கிடக்கும்போது, என்பது அதன் அடுத்த படி. இந்த நம்பிக்கையைப் பார்ப்பதற்குத் தெற்கு டெல்லியின் முனிர்கா தோதான இடம். ஒரு பக்கம் டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் (டிடிஏ) குடியிருப்புகள். மத்திய அரசு வேலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்கள் போகும் மலை மந்திர் முருகன் கோயில் பக்கத்திலேயே ஆர்.கே.புரத்தில் இருக்கிறது. இன்னொரு பக்கம் பழைய முனிர்கா கிராமத்தின் சந்துகளில் ஜேஎன்யூ மாணவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் குடியிருக்கும் ஒற்றை அறைகள். அங்கே தயிர் சாதம் தின்று வளரும் நாய். இங்கே வீகனாக மாறிய இளைஞர் தெருவிலிருந்து தூக்கிவந்த குட்டி. நாய் சுருண்டு படுத்துவிட்டால் இரண்டு வீட்டிலும் அடுப்பில் தோசைக்கல் ஏறுகிறது.

தவறு பாசத்தில் இல்லை. ஒரு உணவில் எதெது இல்லை என்ற பட்டியலை அந்த உணவின் குணமாக எடுத்துக்கொள்வதில்தான் தவறு. வீகன் என்பது 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் தோழர்களும் தொடங்கிய இயக்கத்தின் கொள்கை. விலங்கைச் சுரண்டக் கூடாது என்பது அதன் அடிப்படை. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இல்லாத உணவு என்பது ஒரு குறிப்பிட்ட நோய்க்கான பத்தியம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் பொட்டலத்தில் அந்தப் பெயரைப் போட முடியாது. ஒன்று அறம் சார்ந்தது, மற்றது மருத்துவம் சார்ந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே பொட்டலத்தில் அச்சடித்துவிட்டதால் அது சர்வரோக நிவாரணி ஆகிவிடாது.

குளூட்டனை விலக்குவதற்கான காரணம் மனிதர்களிடம் உறுதியாக இருக்கிறது. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே சீலியாக் நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை 1950-இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார். இந்த நோய் உள்ளவர்கள் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றைச் சாப்பிட்டால் சிறுகுடலின் உட்சுவர் சிதைகிறது. டெல்லி வட்டாரத்தில் எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2011-இல் வெளியான கணக்கெடுப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரிடம் இது காணப்பட்டது. பிறகு நாட்டின் மூன்று பகுதிகளை ஒப்பிட்ட ஆய்வில் வடக்கில் 1.23 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம் என்று தெரிந்தது. முனிர்காவில் ஒரு வீட்டுக்காரர் கோதுமையைத் தொடாமல் இருந்தால் அதை நவநாகரிகம் என்று கேலி செய்யக் கூடாது. உண்மையிலேயே நோயாக இருக்கலாம்.

அப்படிப்பட்டவர்களைக்கூட இந்த நம்பிக்கை ஏமாற்றுகிறது. அரிசி, உளுந்து, பருப்பு என்று தென்னிந்தியர் சாப்பிடுவதெல்லாம் இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை என்று பெருமை பேசுபவர்கள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்ப்பதில்லை. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பசையோடு மாவு கலந்திருக்கும். பல தயாரிப்புகளில் அது கோதுமை அல்லது மைதா. ரவா தோசையில் இருப்பதே கோதுமை. வெல்ல தோசையிலும் பெரும்பாலான வீடுகளில் கோதுமை மாவுதான் பாதி. டெல்லியின் மாவுச் சக்கிகளில் கோதுமை அரைத்த அதே கல்லில்தான் அடுத்ததாகக் கடலைப்பருப்போ கேழ்வரகோ இறங்குகிறது.

இனி நாய். நாய்க்குக் குளூட்டன் ஆகாது என்பதற்கு ஆதாரம் மிகக் குறுகலானது. ஐரிஷ் செட்டர் இனத்தில் சில பரம்பரைகளுக்குக் கோதுமையால் குடல் நோய் வருவது உறுதி செய்யப்பட்டிருக்கிறது. பார்டர் டெரியர் இனத்தில் குளூட்டனோடு தொடர்புடைய ஒரு வகை வலிப்பு போன்ற கோளாறு உண்டு. முனிர்காவின் நாட்டு நாய்க்கும் லாப்ரடாருக்கும் இதில் வேலை இல்லை. ஓநாயிலிருந்து பிரிந்து மனிதனோடு ஒட்டிக்கொண்ட நாய் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவைப் பல படிகளாகப் பெருக்கிக்கொண்டது என்பதை 2013-இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சப்பாத்தி தின்று கொழுத்த டெல்லித் தெருநாய்கள் இதை அதற்கு முன்பே காட்டிக்கொண்டிருந்தன.

நாய்க்கு ஆபத்து, விலக்கிய பொருள்களில் இல்லை; சேர்த்த பொருள்களில் இருக்கிறது. அடையை எடுத்துக்கொள்வோம். பெருங்காயத்தைக் கவனித்துவிட்டால் அது முழு வீகன், குளூட்டனும் இல்லை. சீலியாக் நோயாளி தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அதில் அரிந்து போட்ட வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. ஒரு துண்டு அடை தின்ற நாய் செத்துவிடும் என்று பயமுறுத்துவதும் பொய்தான்; நாயின் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் என்ற அளவிலிருந்துதான் மாற்றங்கள் தெரியும். ஆனால் உண்ணிகளால் வரும் காய்ச்சலில் ஏற்கெனவே ரத்தம் குறைந்துபோன நாய்க்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது. வெங்காயத்தின் விளைவு சில நாட்கள் கழித்தே வெளிப்படுவதால், தெம்புக்காகக் கொடுத்த அடைமீது யாருக்கும் சந்தேகமும் வராது.

இனிப்புப் பான்கேக்கில் நிலைமை இன்னும் மோசம். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் தாவரத்திலிருந்து வருவது, வீகன், மனிதருக்குப் பாதகமில்லை. நாயின் உடலிலோ அது இன்சுலினைத் திடீரென்று சுரக்க வைத்து, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையைத் தரைமட்டமாக்கிவிடும், கல்லீரலும் பழுதாகலாம். கோகோவில் உள்ள தியோபுரோமினை நாயின் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றுகிறது. திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தை ஏன் முடக்குகின்றன என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. 2022-இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை டார்டாரிக் அமிலத்தைச் சுட்டியது. அதற்கு ஆதாரமாக அமைந்தவை திராட்சையே இல்லாத இரண்டு பொருள்கள்: பேக்கிங்குக்குப் பயன்படும் கிரீம் ஆஃப் டார்டார், மற்றொன்று புளி. கோதுமை விலக்கிய பேக்கிங் பவுடர்கள் சிலவற்றில் முதலாவது இருக்கிறது. இரண்டாவது தமிழர் வீட்டில் எதில் இல்லை? சாம்பார் சாதமும் ரசம் சாதமும் பிசைந்து கொடுக்கும் கை இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தானியம் விலக்கிய உணவே நாய்க்கு உயர்ந்தது என்ற விளம்பரமும் இதே மரத்தின் கிளை. 2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒரு எச்சரிக்கை விட்டது. பட்டாணி, பருப்பு வகைகள், உருளைக்கிழங்கு ஆகியவற்றை முதன்மையாகக் கொண்ட நாய் உணவுகளைத் தின்ற நாய்களில் இதயத் தசை விரிந்து தளரும் நோய் தென்படுகிறது என்றது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், கிடைத்த தகவல் காரணத்தை நிறுவப் போதாது என்று அதே நிர்வாகம் சொல்லி நிறுத்திக்கொண்டது. குற்றம் நிரூபணமாகவில்லை, நிரபராதி என்ற தீர்ப்பும் வரவில்லை. வடநாட்டுத் தோசையான பாசிப்பருப்புச் சில்லாவை ஒருநாள் தின்றால் நாய்க்கு இதயம் வீங்காது. தானியத்தை விரட்டிவிட்டால் ஆரோக்கியம் தானாக வரும் என்பதற்கு மட்டும் எந்த ஆதாரமும் கிடையாது.

நோய்க்காலத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் மையமான கேள்வி. நாய் சாப்பிடாமல் இருப்பது பிடிவாதத்தால் அல்ல, பெரும்பாலும் குமட்டலால். குமட்டும்போது வாயில் திணிக்கும் உணவை விலங்கு நோயோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியாவும் உடனிருந்தோரும் 1955-இல் எலிகளுக்கு இனிப்பு நீர் கொடுத்து, கூடவே குமட்டலை உண்டாக்கும் கதிர்வீச்சையும் செலுத்திப் பார்த்தார்கள். தேறிய பிறகும் எலிகள் அந்த இனிப்பைத் தொடவில்லை. நாய்க்கு மிகவும் பிடித்த பண்டத்தை அது வாந்தி எடுக்கும் நாளில் ஊட்டுவது, அந்தப் பண்டத்தையே அதற்குப் பகையாக்கும் வழி. எண்ணெய் மினுக்கும் தோசையானால் இன்னொரு தொல்லையும் சேரும். கொழுப்பு மிகுந்த உணவு நாய்களில் கணைய அழற்சியைத் தூண்டக்கூடியது.

இதற்கு எதிர்த்திசையில் உள்ள பழைய நம்பிக்கையும் சரியல்ல. பட்டினி போட்டால் குடல் ஓய்வெடுத்துத் தானே தேறும் என்று பார்வோ என்ற வைரஸ் குடல் நோய் வந்த குட்டிகளை நாள்கணக்கில் காயப்போட்டவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 30 குட்டிகளை வைத்து நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை தொடங்கிய 12 மணி நேரத்திலேயே மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு கொடுத்த குட்டிகள், வாந்தி நிற்கும்வரை பட்டினி கிடந்தவற்றைவிட விரைவாகத் தேறின. அங்கே உள்ளே போனது அளந்து கொடுத்த திரவ உணவு. பாசத்தின் பேரில் வார்த்த எதுவும் இல்லை. முதலில் குமட்டலை நிறுத்தும் ஊசி, இழந்த நீரை ஈடுகட்டும் டிரிப்ஸ், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உணவு என்பதே வரிசை.

தமிழர் சமையலறைக்கு இது புரியாத சங்கதியும் அல்ல. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பத்தியம், காமாலைக்கு ஒரு பத்தியம், அம்மை போட்டால் இன்னொன்று என்று ஆளையும் நோயையும் பார்த்துச் சோற்றை மாற்றிய வீடுகள் இவை. ஒருவருக்குப் பத்தியம் மற்றவருக்குப் பகை என்று தெரிந்த பாட்டிமார் இருந்த இடத்தில், எல்லோருக்கும் ஒரே பொட்டலம் என்ற எண்ணம் எப்படிக் குடியேறியது என்பது வியப்புதான்.

தயிர் சாதத்தின் கதையைப் பாருங்கள். வீகன் அளவுகோலில் அது தோற்றுவிடும். ஆனால் உப்பு, தாளிப்பு, வெங்காயம் இல்லாத குழைந்த தயிர் சாதம் பல நாய்களுக்கு அடையைவிடச் சாதுவானது. அதற்கும் விதிவிலக்கு உண்டு. உண்ணிக் காய்ச்சலுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைத் தயிரில் பொதிந்து கொடுத்தால், அதிலுள்ள கால்சியம் மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடும். வெறும் வயிற்றில் கொடுத்தாலோ குமட்டும். உப்பும் இனிப்பும் இல்லாத வெறும் அரிசிமாவுத் தோசையின் ஓரத்துண்டு இந்த இடத்தில் உதவும். மாத்திரையைச் சுற்றிக் கொடுப்பது ஒன்றே நோயாளி நாயிடம் அந்தப் பண்டத்துக்கு உள்ள நேர்மையான வேலை. நீண்ட நாள் நோயென்றால் அதுவும் போதாது. 2013-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியினர் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தபோது, 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்து குறைந்திருந்தது.

பூனை வளர்ப்பவருக்கு இந்த விவாதமே தேவையில்லை. பூனையின் நாக்கில் இனிப்பை அறியும் ஏற்பி வேலை செய்வதில்லை என்பது 2005-இல் தெரிந்தது. டாரின் என்ற சத்து உணவில் குறைந்தால் அதன் இதயம் தளரும் என்பது 1987-இலேயே தெரிந்துவிட்டது. தாவரங்களில் டாரின் இல்லையென்றே சொல்லலாம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். அதன் முன் பான்கேக்கை வைத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வீண்.

அப்படியானால் அந்தப் பான்கேக் யாருக்கு? இரவெல்லாம் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பவருக்கு. ஆறுதல் உணவு என்று சொல்லப்படுவதற்குத் தனி மாய சக்தி ஏதும் இல்லை. 2014-இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வில், மனம் சோர்ந்தவர்கள் தங்களுக்குப் பிடித்ததைத் தின்றபோது தேறிய அளவுக்கே வேறு எதையாவது தின்றபோதும், எதையும் தின்னாதபோதும் தேறினார்கள். ஆனால் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் வேளைக்குச் சாப்பிட மறந்துபோவது உண்மை. சுடச்சுட, சீக்கிரம் ஆகிற ஒன்று கைவசம் இருப்பது நல்லதுதான்.

முனிர்காவில் அதற்கு விலை கூடிய இறக்குமதிப் பொட்டலம் வேண்டியதில்லை. ஒரு கப் பச்சரிசி மாவு, கால் கப் உளுத்தமாவு, நன்றாகப் பழுத்த ஒரு வாழைப்பழம், பொடித்த வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு. முட்டையின் இடத்தில், ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் கிடைக்கும் வழவழப்பு. கோதுமையில் காற்றுக் குமிழ்களைப் பிடித்துவைக்கும் வேலையைக் குளூட்டன் செய்கிறது. இங்கே உளுந்தின் பசை செய்யும். கல்லை மிதமாகக் காயவைத்து, மாவைத் தடிமனாக ஊற்றி, மேலே குமிழ்கள் வெடித்து ஓரம் உலரும்வரை தொடாமல் விட வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பினால் கோதுமை இல்லாத மாவு நடுவில் உடைந்துவிடும். புளிக்கவைத்த மாவில் செய்வதானால் டெல்லியின் ஜனவரிக் குளிரில் ஒரே இரவில் அது பொங்காது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைப்பவர்கள் உண்டு. பொங்கும் மாவை நாய்க்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. பச்சை மாவு வெதுவெதுப்பான வயிற்றுக்குள் போன பிறகும் புளித்து வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஈஸ்ட் சேர்த்த மாவானால் சாராயமும் சேர்ந்து உருவாகும். மீந்த மாவை மூடிபோட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளைக்கு ஆகும்.