தீயும் விதையும்

சிறுபோக அறுவடை முடிந்து சூடடித்த பின், கச்சான் காற்று ஓயுமுன்னரே தம்பலகாமம், கந்தளாய் வயல்களில் வைக்கோலுக்குத் தீ வைப்பதுண்டு. லிங்கநகர்த் தோட்டங்களிலும் சருகும் புல்லும் எரிக்கப்படுகின்றன. களை விதைகள் யாவும் வெந்து மடியும் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். இது முழு உண்மையன்று.

வெப்பம் எல்லா விதைகளையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. வட அமெரிக்காவில் ஒருவகைப் பைன் மரத்தின் காய்கள் பிசினால் இறுக மூடியிருக்கும். காட்டுத்தீயின் வெம்மையிற் பிசின் உருகக் காய் விரியும்; உள்ளே காக்கப்பட்ட விதை சாம்பலில் விழுந்து முளைக்கும். 1988 ஆம் ஆண்டில் யெலோஸ்டோன் வனத்திற் பெருந்தீ பரவிய பின்னர், அப்பைன் கன்றுகள் தாமே அடர்ந்து எழுந்தன.

இந்நாட்டுக் களைகளிலும் இத்தகையன உண்டு. தொட்டாற்சுருங்கி, தகரை ஆகியவற்றின் விதைத்தோல் நீரை எளிதில் உட்புகவிடாது. அளவான சூடு அத்தோலை நெகிழ்த்தி, உறங்கும் விதையை எழுப்பிவிடும். இபில் இபில் விதையை வெந்நீரில் இட்டு விதைப்பதும் இதனாலேயே. மேற்பரப்பிற் கிடக்கும் மென்றோல் விதைகள் கருகுமெனினும், மண் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. வைக்கோல் தீ விரைவில் அணைந்துவிட, ஆழத்திற் கிடக்கும் விதைகள் தப்பிவிடும். கோரைக் கிழங்கும் இலுக்குப் புல்லின் நிலக்கீழ்த் தண்டும் மழை கண்டதும் மீண்டும் தழைக்கும்.

இழப்போ பெரிது. 1000 கிலோ வைக்கோலில் ஏறத்தாழ 5 முதல் 8 கிலோ நைதரசனும், 12 முதல் 17 கிலோ பொற்றாசியமும் உள்ளன. எரிக்கும்போது நைதரசன் பெரும்பாலும் புகையோடு போகும். பொற்றாசியம் தங்கிய சாம்பலைக் காற்று அள்ளிச் செல்லும். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது தவித்த கமக்காரர், கையிலுள்ள பசளையைத் தாமே கொளுத்துதல் தகுமா?

தீக்கும் உரிய இடமுண்டு. மிளகாய், தக்காளி நாற்றுமேடையில் வைக்கோலையும் உமியையும் மாறிமாறிப் பரப்பி, காற்றுக்கு எதிராக மெல்லப் புகைந்தெரியச் செய்தல் நன்று. நின்றெரியும் அச்சூடு மண்ணுட் சென்று, களை விதையையும் நோய்க்கிருமியையும் குறைக்கும். சிறு மேடைக்கு ஏற்ற இம்முறை, பரந்த வயலுக்கு ஏற்றதன்று.

வயலில் வைக்கோலைப் பரப்பி, முதல் மழையோடு மடக்கி உழுக. களை முளைத்தபின் மீண்டும் உழுது சேற்றில் அமிழ்த்துக. விதைப்புக்கு இரு வாரங்களுக்கு முன்னரேனும் வைக்கோல் மண்ணுட் சேர்தல் வேண்டும். இவ்வாறு செய்யின் களையும் குறையும். வயலும் வளம் பெறும்.